எம்.எஸ்சி. சேர்க்கை: '91 சதவீதம் வேலை' என்பதை எப்படிப் படிப்பது?

மஞ்சக்குட்டைக்காரன் | இரவு 9.12
எல்லோருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறேன், கொஞ்சம் காபி, மிளகு உண்டு. என் தங்கை சேலத்தில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படிக்கிறாள். எம்.எஸ்சி.க்குக் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழக வளாகத்திலேயே போட வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் மாமா ஒரு தனியார் கல்லூரி நோட்டீஸை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். பளபளப்பான தாள். '91 சதவீதம் வேலைவாய்ப்பு' என்று தட்டு அளவுக்கு எழுத்து. "கவர்மென்ட் யுனிவர்சிட்டியில் இந்த மாதிரி ஒரு நம்பர் காட்டு பார்க்கலாம்" என்கிறார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. வளாகத்தில் எத்தனை பேர் சேர்கிறார்கள், எத்தனை பேர் முடிக்கிறார்கள், அப்புறம் என்ன ஆகிறார்கள் என்று எங்கே பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு | இரவு 9.31
பெரியார் பல்கலைக்கழகத்துக்கு 2021ல் நாக் (உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரச்சான்று கொடுக்கிற அமைப்பு) குழு ஏ++ கொடுத்தது. 4க்கு 3.51க்கு மேல் வாங்கினால்தான் அந்த கிரேடு. அதைவிட என்ன வேண்டும்? மாமாவிடம் அதைக் காட்டுங்கள், கதை முடிந்தது.

நிலவாரப்பட்டி பையன் | இரவு 9.40
அண்ணா, பெரியார் யுனிவர்சிட்டியில் மெக்கானிக்கல் கட்-ஆஃப் எவ்வளவு வரும்? எனக்கு 168.

பழைய ஸ்டாட் | இரவு 10.05
நிலவாரப்பட்டித் தம்பி, நீங்கள் கேட்பது பக்கத்துக் காம்பவுண்ட். அது 1966ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி; அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 200க்கான அந்தக் கட்-ஆஃப் (கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50) பொறியியல் கலந்தாய்வுக்கு உரியது. இரண்டும் கருப்பூரில் இருப்பதால் பஸ்ஸில்கூட மாற்றி இறங்குகிறவர்கள் உண்டு. அதற்குத் தனி இழை போடுங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள்.

ஐந்துரோடு அவர்களே, நாக் கிரேடைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் மொத்த மதிப்பெண். பாடத்திட்டம், ஆராய்ச்சி, கட்டடம், நிர்வாகம், மாணவர் முன்னேற்றம் எல்லாம் சேர்ந்த சாம்பார். மஞ்சக்குட்டைத் தம்பி கேட்பது அதற்குள் முருங்கைக்காய் எத்தனை துண்டு என்று.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரியார் பல்கலைக்கழகம் என்றால் இரண்டு உருவம். ஒன்று கருப்பூர் வளாகம்: முதுகலைத் துறைகளும் ஆராய்ச்சியும். இன்னொன்று சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டக் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கிற குடை. 1997ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்ததே இந்தக் குடைக்காகத்தான். உங்கள் தங்கையின் பி.எஸ்சி. பட்டத்திலும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும், ஆனால் அவர் வளாக மாணவி இல்லை. பட்டமளிப்பு விழா சமயத்தில் இத்தனை ஆயிரம் பேர் பட்டம் பெற்றார்கள் என்று பேப்பரில் வருகிற கணக்கில் குடைக்கு அடியில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். அதை வைத்து வளாகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

வளாகக் கணக்கு இருக்கிற இடம் என்.ஐ.ஆர்.எஃப். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தரவரிசை, 2016லிருந்து வருகிறது. ரேங்க்கை விடுங்கள். ரேங்க்குக்காக ஒவ்வொரு நிறுவனமும் கொடுக்கிற தகவல் படிவத்தைத் தன் இணையதளத்திலும் போட்டு வைக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. நாளை காலை எழுதுகிறேன், கண் எரிகிறது.

பழைய ஸ்டாட் | காலை 6.20
படிவத்தைத் திறந்து கீழே போனால் வேலைவாய்ப்பு, மேற்படிப்பு என்று ஒரு அட்டவணை வரும். இரண்டு வருட முதுகலைக்குத் தனிக் கட்டம், மூன்று வருட இளங்கலைக்குத் தனிக் கட்டம். ஒரே வரிசையில் இடமிருந்து வலமாகப் போங்கள்: அனுமதிக்கப்பட்ட இடங்கள், முதல் வருடம் சேர்ந்தவர்கள், குறைந்தபட்சக் காலத்துக்குள் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் (வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது), மேற்படிப்புக்குப் போனவர்கள். வருடம் மட்டும் கவனம். 2020-21ல் சேர்ந்த முதுகலைக்காரர்கள் 2021-22ல் முடித்தவர்களாக வருவார்கள். பக்கத்து வரியோடு குழப்பிக்கொண்டால் கணக்கு கோணலாகிவிடும்.

இப்போது மாமாவின் 91. நானே ஒரு கணக்கு போடுகிறேன். எண்கள் என் கற்பனை, எந்தக் கல்லூரியும் இல்லை.

ஒரு துறையில் 40 இடம். சேர்ந்தது 34 பேர். இரண்டு வருடத்தில் அரியர் இல்லாமல் முடித்தது 26 பேர். வேலைவாய்ப்பு மையத்தில் பெயர் கொடுத்தது 12 பேர். வேலை கிடைத்தது 11 பேருக்கு. முனைவர் பட்டம் போன்ற மேற்படிப்புக்கு 6 பேர்.

நோட்டீஸ் அடிக்கிறவர் 11ஐ 12ஆல் வகுப்பார்: 91 சதவீதத்துக்கு மேல். பொய் இல்லை. முடித்தவர்களால் வகுத்தால் 42. சேர்ந்தவர்களால் வகுத்தால் 32. மூன்றிலும் மேலே நிற்பது அதே 11 பிள்ளைகள். மேற்படிப்பையும் சேர்த்தால் 17 பேர்; சேர்ந்த 34ல் சரிபாதி. நான் 30 வருடம் வகுப்பில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது இது ஒன்றுதான்: மேலே உள்ள எண்ணை விடு, கீழே என்ன போட்டிருக்கிறான் என்று பார்.

ஆகவே மாமாவிடம் சண்டை வேண்டாம். "91 எதற்கு 91, மாமா?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கல்லூரியும் என்.ஐ.ஆர்.எஃப்.க்கு விண்ணப்பித்திருந்தால் அதே அட்டவணை அவர்கள் தளத்திலும் இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மஞ்சக்குட்டைக்காரன் | காலை 7.48
சார், கும்பிடுகிறேன். மாமாவிடம் கேட்டேன். "எல்லாருக்கும்தான்டா 91" என்றார். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டதும் டீ ஆறுகிறது என்று எழுந்து போய்விட்டார்.

கொலுசுப்பட்டறை | காலை 8.30
ஸ்டாட் சார் கணக்கில் 34க்கும் 26க்கும் நடுவே 8 பேர் காணாமல் போனார்கள் இல்லையா, அந்த 8ல் ஒருவன் நான். முதுகலை இல்லை, பி.காம்., அரசுக் கல்லூரி, கல்லூரி பெயர் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதம் வீடே தூங்காது. நவம்பர் செமஸ்டர் அதே சமயம் வரும். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனது. அகமதிப்பீட்டின் 25ல் நல்ல மார்க், 75க்கு எழுதுகிற பேப்பரில் கோட்டை விட்டேன். அடுத்த செமஸ்டரில் அதையும் சேர்த்து ஏழு பேப்பர் எழுத வேண்டும். மூன்றாம் வருடம் முடியும்போது நான்கு அரியர். வகுப்பு போட்டோவில் நிற்கிறேன், கன்வகேஷன் போட்டோவில் இல்லை. யாரும் என்னை வெளியே தள்ளவில்லை. வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது என்றும் இல்லை. அரியர் எழுதப் பணம் கட்டிக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் கட்டவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் துறையில் அந்த வருடம் 'தேர்ச்சி 85 சதவீதம்' என்று போர்டில் எழுதியிருந்தார்கள். கடைசி செமஸ்டர் எழுதியவர்களில் 85. அதற்கு முன்னாலேயே வராமல் போனவர்கள் கீழே போட்ட எண்ணிலும் இல்லை.

ஓமலூர் மல்லி | காலை 10.15
கொலுசுப்பட்டறைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன், பாடம் ஓடவில்லை. நான் ஒரு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்.

இந்த 'காணாமல் போனவர்கள்' எல்லோரும் ஒரே வகை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் முதல் கலந்தாய்வில், சிறப்புப் பிரிவு முடிந்து பொதுப் பிரிவில், 400க்கு நல்ல மார்க் வைத்திருக்கிற பிள்ளைகள் வந்து இடம் பிடிப்பார்கள். பொறியியல், நர்சிங், வேளாண்மை என்று அடுத்தடுத்த கலந்தாய்வு திறக்கத் திறக்க ஆகஸ்ட், செப்டம்பருக்குள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அவர்களுக்கு நல்லது, எங்களுக்குக் காலியிடம். பதிவேட்டில் அதுவும் 'விலகல்', வெள்ளிப் பட்டறைக்குப் போனதும் 'விலகல்'. அதனால் சேர்ந்தவர், முடித்தவர் இரண்டு எண்ணை மட்டும் பார்த்து ஒரு கல்லூரி மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். எப்போது போனார்கள் என்று கேளுங்கள். செப்டம்பருக்குள் போனவர் வேறு இடம் கிடைத்துப் போயிருப்பார். முதல் செமஸ்டர் ரிசல்ட்டுக்கு அப்புறம் போனவரைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

என் அனுபவத்தில் இரண்டாவது வகையில் பாதி அந்த முதல் செமஸ்டர்தான். பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளை, பாடம் திடீரென்று ஆங்கிலத்தில். இரண்டாம் ஷிப்ட் என்றால் வகுப்பு முடிந்து ஊருக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். மலைப் பிள்ளைகளுக்கு இன்னொன்று உண்டு, மஞ்சக்குட்டைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

மஞ்சக்குட்டைக்காரன் | பகல் 1.02
காபிப் பழம் அக்கா. நவம்பரில் பழுக்கத் தொடங்கினால் தை வரைக்கும் பறிப்புதான். சொந்தத் தோட்டம் கால் ஏக்கர் இருந்தாலும், எஸ்டேட்டில் கூலிக்குப் போனாலும் வருடத்துக் காசு அந்த மூன்று மாதத்தில்தான். வீட்டில் ஒரு கை குறைந்தால் தெரியும். காபி முடிந்து மூச்சு விடுவதற்குள் மிளகு. செமஸ்டர் அட்டவணை போடுகிறவர்கள் தீபாவளி, பொங்கல் பார்ப்பார்கள், காபி பார்க்க மாட்டார்கள். என் தங்கைக்கு முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போனது அப்படித்தான். தப்பு என்னுடையது, நான்தான் கூப்பிட்டேன். அடுத்த வருடம் கூப்பிடவில்லை, ஆள் வைத்துப் பறித்தேன். அரியரை எழுதி முடித்துவிட்டாள். அதோடு அவளுடைய செட்டில் எங்கள் பக்கத்திலிருந்து போன இன்னொரு பிள்ளை திரும்பப் போகவில்லை.

ஐந்துரோடு | பகல் 2.20
எல்லாம் சோகமாகவே போகிறது. தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம், இந்தியாவுக்கு 28.4. இது 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. நூற்றுக்கு 47 பேர் பட்டதாரி ஆகிற மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் புலம்பக் கூடாது.

பழைய ஸ்டாட் | பகல் 3.10
எண் சரி, பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் நூற்றுக்கு 47 பேர் பட்டதாரி என்பது அதன் பொருள் இல்லை. உயர்கல்வியில் பெயர் பதிந்திருக்கிற மொத்தப் பேரை, 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். மேலே இருப்பவர் 26 வயதாக இருந்தாலும் கணக்கில் வருவார், தொலைநிலைக் கல்வியில் இருப்பவரும் வருவார். சேர்ந்தவர் கணக்கு அது, முடித்தவர் கணக்கு இல்லை. நம் கொலுசுப்பட்டறைத் தம்பி அரியருக்கு நடுவே இருந்த மூன்று வருடமும் அந்த மாதிரிக் கணக்கில் தலை நிமிர்ந்து நின்றிருப்பார்.

ஐந்துரோடு | பகல் 3.25
சரி, ஒத்துக்கொள்கிறேன். பேப்பரில் தலைப்பை மட்டும் படித்துவிட்டேன்.

மஞ்சக்குட்டைக்காரன் | மாலை 6.40
பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடையில் படிவத்தை எடுத்துப் பார்த்தேன் சார். நீங்கள் சொன்ன கட்டம் இருக்கிறது. இன்னொன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. நாங்கள் மலையாளி பழங்குடி. (கேரளாவா என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு கவுண்டரிலும் கேட்கிறார்கள். மலையில் வாழ்கிறவர்கள், அவ்வளவுதான்.) எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் வளாகத்தில் படிக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றால், 'சமூக ரீதியில் பின்தங்கியோர்' என்று ஒரே கட்டம்தான்.

ஓமலூர் மல்லி | மாலை 7.15
அந்தக் கட்டத்தில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மூன்றையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். வட மாநிலத்தில் அந்த எண்ணுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கலாம். நம் ஊரில் 69 சதவீத ஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (அதில் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. மீதி 31லும் மார்க்கில் வருகிறவர்களில் பி.சி., எம்.பி.சி. நிறைய. அப்படியென்றால் சேலத்தில் எந்தக் கல்லூரியிலும் அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் இருப்பார்கள். எல்லோரும் இருக்கிற கட்டத்தில் உங்கள் தங்கையைத் தேடினால் எப்படிக் கிடைப்பாள்?

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு என்று ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதியே இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். இரண்டும் இந்தப் பல்கலைக்கழகத்தின் நான்கு மாவட்டத்துக்குள். அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் எஸ்.டி. மாணவர் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று துறைவாரியாகத் தானாகவே பக்கத்தில் போட்டால் என்ன? யாரும் தடுக்கப்போவதில்லை. அந்த ஒரு சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளை பாதியில் போனால் அந்தத் துறையில் எஸ்.டி. விகிதம் பூஜ்யம். சராசரியில் ஒரு அசைவும் தெரியாது.

கொலுசுப்பட்டறை | இரவு 8.05
தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே அக்கா? பத்து ரூபாய்தானே.

பழைய ஸ்டாட் | இரவு 8.50
கேட்கலாம். பத்து ரூபாய், 30 நாள். பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும், பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஓய்வுபெற்ற பிறகு நான் ஒரு கல்லூரியில் கேட்டுப் பார்த்தேன். "தாங்கள் கோரும் வடிவில் தகவல் தொகுக்கப்படவில்லை" என்று அழகான தமிழில் பதில் வந்தது. தப்பு என்மேலும் உண்டு. கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் கொடுப்பார்கள், நமக்காகப் புதிதாகக் கணக்குப் போட்டுத் தரக் கடமை இல்லை. 'சதவீதம் என்ன?' என்று கேட்டால் கதவு சாத்தப்படும். 'இன்ன துறையில் இன்ன வருடச் சேர்க்கைப் பதிவேட்டின் இனவாரி மொத்தம் உள்ள பக்கத்தின் நகல்' என்று கேளுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே பேட்ச்சின் தேர்ச்சிப் பட்டியலின் நகல். கழித்தல் கணக்கு நாமே போட்டுக்கொள்ளலாம்.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். படிவத்தில் கேட்பது சராசரி இல்லை, இடைநிலை. ஐந்து பேருக்கு வருடச் சம்பளம் 1.2, 1.5, 1.8, 2, 12 லட்சம் என்று வையுங்கள். சராசரி 3.7 லட்சம், நோட்டீஸில் அதுதான் வரும். நடுவில் நிற்பவர் வாங்குவது 1.8. பெங்களூருவில் அந்த ஒரு பிள்ளை 12 லட்சம் வாங்குவதால் மற்ற நான்கு பேரின் பாக்கெட் கனக்கவில்லை.

கூடவே, அந்தக் கட்டத்தில் விழாத ஒரு கூட்டம் சேலத்தில் பெரியது. பட்டம் வாங்கிவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள். வேலையிலும் இல்லை, மேற்படிப்பிலும் இல்லை. இரண்டு வருடம் கழித்து குரூப் 2ல் போனால் அவர் வெற்றி எந்தப் படிவத்திலும் ஏறாது. என் பழைய மாணவர்களில் நன்றாக இருப்பவர்கள் பலர் இந்த வகை. அதனால் வளாகத்தின் எண் மாமாவின் நோட்டீஸைவிடச் சின்னதாகத் தெரிந்தால் பதறாதீர்கள்.

ஓமலூர் மல்லி | இரவு 9.20
பணக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்துகொண்டிருந்தால், அது இளங்கலையோடு நின்றுவிடும், எம்.எஸ்சி.க்கு வராது. எஸ்.டி. பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழை இப்போதே புதுப்பித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கொடுத்ததுதானே? தாசில்தார் கொடுத்த பழையது ஏதாவது வைத்திருந்தால் சேர்க்கை நாளில் நிற்க வைப்பார்கள்.

மஞ்சக்குட்டைக்காரன் | இரவு 10.02
கோட்டாட்சியர் கொடுத்ததுதான் அக்கா. அதற்கு நடந்ததைத் தனி இழையாகப் போடலாம்.

மாமாவை உட்கார வைத்து இரண்டு கல்லூரிப் பக்கத்தையும் திறந்து காட்டினேன். நோட்டீஸ் கொடுத்த கல்லூரியின் தளத்தில் அந்த அட்டவணை கண்ணில் படவில்லை. விழா போட்டோ நிறைய இருந்தது. தங்கை வளாகத்தின் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே போய், முடித்தவர் கட்டத்தில் நிறுத்தி, "அண்ணா, நவம்பரில் நீ போன் பண்ணாமல் இருந்தால் இதில் இருப்பேன்" என்றாள். விடுதிக்கும் சேர்த்து விண்ணப்பம் போடுகிறோம்.

பழைய ஸ்டாட் | இரவு 10.20
நல்லது. பறிப்புக்கு ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், எனக்கு எந்த செமஸ்டரும் இல்லை.

மஞ்சக்குட்டைக்காரன் | இரவு 10.24
சார், உங்கள் வயதில் சரிவில் நிற்க முடியாது. அரைக் கிலோ காபித்தூள் கொண்டுவந்து கொடுக்கிறேன், வீடு எந்தப் பக்கம் என்று மட்டும் தனிமடலில் சொல்லுங்கள்.